‘வீட்டுலதானுங்க’

போன மாசியில் தாராபுரம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று ஒரு பொய் சொன்னேன். பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். கடைசியாக, “என்ன வேலைங்க பாக்கறீங்க?” என்றாள். யோசிக்கக்கூட இல்லை, “வீட்டுலதானுங்க” என்று வாயில் வந்துவிட்டது. ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். எனக்கு வயது 44. அதில் 19 வருடம் ஸ்டாஃப் நர்ஸ். கோபிக்கு வடக்கே இருக்கிற எங்கள் நிலையத்தில் இதே மாதிரி நீளப் பதிவேட்டில், இதே கட்டத்தில், தறி, பனியன் கம்பெனி, விவசாயக் கூலி, நூறு நாள் வேலை என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். ‘நர்ஸ்’ என்று ஒருமுறைகூட எழுதியதில்லை என்பது அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

போனது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு. நாங்கள் ‘வயா’ என்போம். வாரத்தில் பாதி நாள் நான் மற்றவர்களுக்குச் செய்கிற பரிசோதனை. அதை எனக்குச் செய்துகொள்ள, இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் ஒன்றும் எதிர்ப்படாத ஊராகப் பார்த்துப் போயிருந்தேன். வீட்டில் காங்கேயத்தில் டிரெய்னிங் என்று சொல்லியிருந்தேன். ஆக அன்றைக்குக் கணக்கில் இரண்டு பொய்.

டிபன் பாக்ஸ் மூடி

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு அக்கா. பெயர் வேண்டாம், பவானிக்காரர் என்பது போதும். 25 வயதில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நரம்பு கிடைக்காத குழந்தைக்கு எப்படி ஊசி ஏற்றுவது, குடித்துவிட்டு வந்து லேபர் வார்டு வாசலில் சத்தம் போடுகிற புருஷனை எப்படிப் பேசி உட்கார வைப்பது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வடிந்ததும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் கொண்டுவருகிற அரிசிம்பருப்புச் சோற்றில் பாதியை டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவார். நெய் வாசம் மருந்து வாசத்தையெல்லாம் அமுக்கிவிடும். எத்தனையோ வருடம் அந்த மூடிதான் எனக்குத் தட்டு.

அந்த அக்காவுக்கு 54 வயதில் இதே புற்றுநோயைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோதே மூன்றாம் கட்டம். கட்டி பக்கவாட்டில் பரவிச் சிறுநீர்க் குழாயை அழுத்தி, ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. முதுகு வலிக்கிறது, கால் வீங்குகிறது என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும், அவரும்தான், நின்றுகொண்டே பார்க்கிற வேலையின் மேல் பழியைப் போட்டோம். மாதவிலக்கு நின்று நாலு வருடம் ஆன பிறகு அவருக்கு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. அதற்கும் முன்னாலேயே வெள்ளைப்படுதல், நாற்றத்தோடு. பை நிறைய நாப்கின் வைத்துக்கொண்டு டூட்டிக்கு வந்திருக்கிறார். வார்டில் இருந்த மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் என்ற இரண்டு தொற்று மாத்திரைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் குறையும், அப்புறம் வரும், மறுபடி ஒரு ஸ்ட்ரிப். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. தறி ஓட்டுகிற பெண்ணுக்கு இந்த வசதி கிடையாது. தாங்க முடியாமல் போனால் யாரிடமாவது காட்டித்தான் ஆகவேண்டும். எங்களுக்கு மருந்து கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. எந்த மாத்திரை எதற்கு என்பதும் தெரியும். அவ்வளவு தெரிந்திருந்ததுதான் அக்காவுக்கு ஒன்றரை வருடத்தைத் தின்றது என்று நான் நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் கதிர்வீச்சு. வெளியிலிருந்து 25 முறை, அப்புறம் உள்ளே கருவி வைத்து. எல்லாம் முடிந்து வந்தவரைப் பார்க்கப் போனேன். ஆறு வாய்க்கால் பாசனத்தில் பச்சை கட்டியிருந்த காலம். திண்ணையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். நான் அழுதுவிடக் கூடாது என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். நடுவில், “நீங்க சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனேக்கா” என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “எனக்குத் தெரியாதா அம்மிணி? வாசம் வந்த அன்னைக்கே தெரியும். உன்றகிட்டத்தான் காட்டியிருக்கோணும். ஆனா உன்றகிட்ட எப்படிக் காட்டறது? காத்தால அந்த மேசையில படுத்துப்போட்டு, மத்தியானம் உன்றகூட உக்காந்து சோறு திங்கோணுமல்லோ?”

அவர் இப்போது பெருந்துறைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். சிறுநீர் அடக்க முடியாத தொந்தரவு இருக்கிறது, மற்றபடி நடமாடுகிறார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. பஸ்ஸில் வரும்போது வரும், பரிசோதனைக்கு உள்ளே வைத்து விரிக்கிற ஸ்பெகுலம் கருவியைக் கழுவும்போது வரும்.

தெரியாமலா இருக்கிறது?

அதற்கப்புறம் ‘விழிப்புணர்வு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. நர்ஸ்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தினால் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, கேட்கிற எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு வருவோம். ஹெச்.பி.வி. வைரஸால் வருகிறது, அதில் 16, 18 என்ற இரண்டு வகை மட்டும் நூற்றில் எழுபது பேருக்குக் காரணம், அதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் கொடுத்தார்கள், வைரஸ் ஒட்டியதிலிருந்து புற்றுநோயாக மாற 15, 20 வருடம்கூட ஆகும், எனவே நடுவில் எப்போது பார்த்தாலும் பிடித்துவிடலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நானே நூற்பாலை ஹாஸ்டல்களில் போய் இதைப் பேசியிருக்கிறேன். சின்னப் பெண்கள் துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பார்கள்.

இதில் இன்னொரு விஷயம், இந்தப் பரிசோதனையே நர்ஸ்கள் கையில் வளர்ந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையை மையமாக வைத்து, 2000-ல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி எடுத்த நர்ஸ்கள் 30 முதல் 59 வயது வரையான பெண்களில் 31,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கிற சிகிச்சையையும் அந்த நர்ஸ்களே அங்கேயே செய்தார்கள். ஏழு வருடக் கணக்குப் பார்த்தபோது, பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் கால் பங்கும், சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அது வந்தது. மைக்ராஸ்கோப் இல்லை, லேப் இல்லை, கிட்டத்தட்ட வினிகர், ஒரு விளக்கு, ஒரு நர்ஸ். அதே 2007-ல் தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் தொடங்கி, 2012-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. அந்த அலையில்தான் அக்காவும் நானும் ஒன்றாகப் பயிற்சிக்குப் போனோம்.

பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்படுகிறவர்கள் யாராவது படிக்கலாம். காலையில் ஐந்து மில்லி அடர் அசிட்டிக் அமிலத்தை 95 மில்லி வடிநீரில் கலந்து வைத்துக்கொள்வோம். அன்றன்றைக்குப் புதிதாகத்தான் கலக்கவேண்டும். ஸ்பெகுலம் வைத்து, கர்ப்பப்பை வாய் தெரிகிற மாதிரி விளக்கைத் திருப்பி, பஞ்சை நனைத்துத் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். முழு ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. சந்தேகப்படவேண்டிய இடமாக இருந்தால் வெள்ளைத் திட்டாக எழும்பும். சிலருக்கு லேசாக எரியும், அவ்வளவுதான். “என்னுங்க, ஊறுகா வாசம் அடிக்குது?” என்று கேட்காத பெண்கள் குறைவு. மாதவிலக்கு நின்ற பிறகு பார்க்கவேண்டிய எல்லைப் பகுதி உள்ளே ஏறிக்கொள்ளும், வெளியிலிருந்து சரியாகத் தெரியாது. அதனால்தான் ஐம்பதுக்குள் வந்துவிடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்வோம். சொல்கிற எங்களுக்கும் ஐம்பது வரும் என்பது மட்டும் எப்படியோ நினைவிலிருந்து நழுவிவிடும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு எண் வந்தது. 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. எங்கள் மீட்டிங்கில் இதைச் சொல்லிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நூற்றுக்குப் பத்துகூட வரவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது. இந்தியாவில் வருடத்துக்கு 1.2 லட்சத்துக்கு மேல் பெண்களுக்குப் புதிதாக வருகிற நோய் இது. அக்காவைப் பார்த்துவிட்டு வந்த வாரம், எங்கள் நிலையத்தில் முப்பது தாண்டியவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஏழு பேர். என்னையும் சேர்த்து ஒருத்திகூடப் பார்த்துக்கொண்டதில்லை. ஒருத்தி சிரித்துக்கொண்டே, “எங்க டார்கெட்ல நாம வர்றதில்லீங்களேக்கா” என்றாள்.

நைட் டூட்டிக்காரி

வெட்கம் என்று இதை ஒற்றை வார்த்தையில் முடித்துவிட முடியாது. வெட்கம் எங்களுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, எழுதக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் நர்ஸ் என்றால் இரண்டு பேச்சு உண்டு. கவர்மென்ட் வேலை, மாசமானால் சம்பளம், பென்ஷன் என்பது ஒன்று. “நைட் டூட்டியெல்லாம் போற புள்ளையா, யோசிச்சுக்கோங்க” என்பது இன்னொன்று. எனக்குப் பார்த்த முதல் இரண்டு சம்பந்தம் இந்த இரண்டாவது பேச்சில்தான் போனது. ஒறம்பறையில் ஒரு பெரியம்மா என் காதுபடவே சொன்னார். இப்படிப்பட்ட ஊரில், இந்த நோய் உடலுறவு வழியாகப் பரவுகிற வைரஸால் வருகிறது என்று ஊரெல்லாம் மைக் பிடித்துச் சொல்பவளும் நான்தான். அப்புறம் நானே போய் அந்த மேசையில் ஏறினால்? திட்டு தெரிந்தால்? நோட்டில் ஏறும், சீட்டு எழுதவேண்டும், டாக்டருக்குத் தெரியும், ஆம்புலன்ஸ் டிரைவர் வரைக்கும் தெரியும். ஒரே புருஷன் மட்டும் உள்ள பெண்ணுக்கும் இது வரலாம், எப்போது யாரிடமிருந்து ஒட்டியது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, ஆண்களுக்கு வழக்கமான பரிசோதனை என்றே ஒன்று கிடையாது. இதையெல்லாம் தறிப்பட்டறைப் பெண்களுக்கு நான் எவ்வளவு பொறுமையாக விளக்குவேன் தெரியுமா. எனக்கென்று வரும்போது ஒறம்பறைப் பெரியம்மாவின் குரல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கல்யாணம் ஆகாத பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். எங்களுடன் இருக்கிற ஒரு 34 வயதுப் பெண், இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவள் கதை எனக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் போட்டார்களே, அட்டைகூட இருக்கிறது. ஊசி கையில் குத்தினால் வருகிற நோய் என்பதால் அது வேலை சம்பந்தப்பட்டது. நர்ஸின் கை ஆஸ்பத்திரிக்கு வேண்டும், பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற உடம்பை அவளே பார்த்துக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது. நர்ஸிங் கல்லூரியில் சேர்கிற 18 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று ஊசியோடு ஹெச்.பி.வி. ஊசியையும் சேர்த்துப் போட்டால் என்ன? 26 வயது வரை போடலாம் என்று புனேயில் தயாராகிற ‘செர்வாவாக்’ ஊசிக்கே அனுமதி இருக்கிறதே.

பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்

சரி, தாராபுரத்துக்கு வருகிறேன். என் முறை வந்தது. சின்ன அறை, பச்சைத் திரை, சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த கடிகாரம். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக ஒரு நர்ஸ். “மேல ஏறிப் படுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கையுறை போடத் திரும்பினாள். படுத்தேன். கையுறை போட்டுக்கொண்டு திரும்பியவள் ஒரு நொடி நின்றாள். எதற்கென்று அப்போது புரியவில்லை. ஸ்பெகுலம் சில்லென்று இருந்தது, நானும் இப்படித்தான் சில்லென்று வைக்கிறேனா என்று நினைத்தேன். வினிகர் வாசம் வந்தது. இவ்வளவு வருடத்தில் அந்த வாசத்தைப் படுத்துக்கொண்டு முகர்ந்தது அன்றைக்குத்தான். பஞ்சு பட்டதும் என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அவள் கண்ணும் அங்கேதான் இருந்தது. நொடிமுள் பாதிச் சுற்று வந்திருக்கும், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “எந்த ஊர்ல வேலை பாக்கறீங்க சிஸ்டர்?”

நான் பதில் சொல்லவில்லை. “எப்படித் தெரிஞ்சுது?” என்று மட்டும் கேட்டேன். “நான் சொல்றதுக்கு முன்னாலயே இடுப்ப மேசை விளிம்புக்குக் கொண்டுவந்துட்டீங்களே. யாருங்க அப்படி வருவாங்க?” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிலையில் சிரிக்கக் கூடாது, ஸ்பெகுலம் நழுவும். இரண்டு பேருக்கும் அது தெரியும் என்பதால் இன்னும் சிரிப்பு.

அப்புறம் அவள் குரல் மாறியது. “பன்னண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு திட்டு இருக்குதுங்க சிஸ்டர்” என்றாள். இடத்தை நாங்கள் இப்படிக் கடிகார முகத்தை வைத்துத்தான் சொல்வோம். பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் இருக்கும், புண்ணாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் கோல்போஸ்கோப்பி, அதாவது பெரிதாக்கிக் காட்டுகிற கருவியில், பார்த்துவிடுங்கள் என்று சொல்லிச் சீட்டு எழுதினாள். நான் மற்றவர்களிடம் சொல்கிற அதே வாக்கியங்கள், அதே வரிசை. பதிவேட்டில் ‘இல்லத்தரசி’யை அவள் அடிக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. அந்தச் சீட்டை நான் 26 நாள் கைப்பையில் வைத்திருந்தேன். பாசிட்டிவ் வந்தும் மேல் ஆஸ்பத்திரிக்குப் போகாத பெண்களின் பட்டியல் ஒன்று எங்களிடம் எப்போதும் இருக்கும். போன் போட்டு, ஆள் அனுப்பி, வீட்டுக்கே போய் விரட்டுவோம். “ஒரு நாள் போயிட்டு வர்றதுல என்னம்மா உனக்குக் கஷ்டம்?” என்று திட்டியிருக்கிறேன். எனக்குக் கஷ்டம் இருந்தது. முதல் வாரம் இரண்டு பேர் லீவு, டூட்டி மாற்ற ஆள் இல்லை. அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். அப்புறம் பங்குனி பிறந்து பண்ணாரி அம்மன் குண்டம் (தீமிதி) வந்துவிட்டது, அம்மன் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். எல்லாம் நிஜமான காரணங்கள். தினமும் பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கும்போது சீட்டு விரலில் படும், உள்ளே தள்ளிவிட்டு ஜிப்பை மூடுவேன். உட்கார்ந்து பயந்து அழுததெல்லாம் கிடையாது. எதுவும் நடக்காத மாதிரி நாள் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

குண்டத்துக்கு எனக்கு மருத்துவ முகாம் டூட்டி. விடியற்காலையிலிருந்து பாதத்தில் களிம்பு போட்டுக்கொண்டிருந்தேன். மிதித்து வருகிறவர்கள் பாதி பேர் களிம்பு வேண்டாம், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், மஞ்சள் சேலை, ஈரத்தலை, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் பட்டியல்காரி. மூன்று மாதமாகப் போகாதவள். தப்பிக்க வழியில்லாமல் கிட்டே வந்து, “திட்டாதீங்க சிஸ்டர், குண்டம் முடியட்டும்னு இருந்தேன்” என்றாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். கைப்பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. “வர்ற வியாழக்கிழமை நான் போறேன், நீயும் வா” என்றேன். அவளுக்குத் துணைக்காக நான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் திருத்தவில்லை.

வியாழக்கிழமை சத்தியிலிருந்து ஒரே பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவள் பேச்சுத்தான்: மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தது, மாமியாருக்கு என்ன பொய் சொன்னாள், சொசைட்டியில் பாலுக்குப் பணம் ஏறாதது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவளை உட்காரவைத்து இரண்டு சீட்டையும் கவுண்டரில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர்தான் முதலில். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “போயிட்டு வாங்க, நான் இங்கயேதான் இருப்பேன்” என்றாள்.

எனக்குச் சதை எடுத்துப் பார்த்ததில் முதல் படி மாற்றம்தான். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஒரு வருடம் கழித்துப் பார்க்கவேண்டும். அவளுக்கு அடுத்த படி. மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் வழித்து எடுத்து அனுப்பிவிட்டார்கள், கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. பதிலுக்கு, “அடுத்த வருசம் மறந்துராதீங்க சிஸ்டர்” என்று என்னை விரட்டுகிறாள்.

வீட்டில் ரிப்போர்ட் வந்த பிறகுதான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “இது எப்படி வருது?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப என்னாலயா?” என்றார். “ஆருக்குத் தெரியும்” என்றேன். மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில் அவராகவே மகளின் ஊசியைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு 13 முடியப்போகிறது. 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போட 36 கோடி ஒதுக்கியதாக அறிவித்தார்கள். அதுவரை காத்திருக்கவா, காசு கொடுத்துப் போட்டுவிடவா என்று யோசித்து, காசு கொடுத்தே போட்டுவிட்டோம். என் மாமியார், “எதுக்குங்க கன்னிப்பொண்ணுக்கு?” என்றார். அம்மைக்குப் போட்டோமே அந்த மாதிரித்தான் என்று சொன்னேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

தாராபுரத்து நர்ஸோடு இப்போது போனில் நல்ல பழக்கம். பேச்சுவாக்கில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எங்கள் ஆட்கள் வார விடுப்பு நாளில் அங்கே போகிறார்கள், அவர்கள் ஆட்கள் இங்கே என் மேசைக்கு வருகிறார்கள். சாப்பாட்டுத் தட்டைப் பங்கு போட்டுக்கொள்ளாத நர்ஸ் கையால் பார்த்துக்கொள்வது என்பதுதான் முழு ஏற்பாடும். பதிவேட்டில் தொழில் என்னவென்று இரண்டு பக்கமும் கேட்பதில்லை. பஞ்சுக்குச்சியில் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கிற ஹெச்.பி.வி. பரிசோதனை எல்லா நிலையத்துக்கும் வந்துவிட்டால் இந்த பஸ் செலவும் மிச்சமாகும். வருகிறபோது வரட்டும்.

எங்கள் ஏழு பேரில் என்னோடு ஐந்து பேர் முடித்தாயிற்று. ஆறாவது ஆள் ஆனியில் ஊரில் கல்யாணம் என்றாள், சரி என்று விட்டேன். போன வாரம் கேட்டபோது, “ஆடிப் பதினெட்டுக்கு நாத்தனார் குடும்பம் பவானி கூடுதுறைக்கு வர்றாங்கக்கா, அது முடிஞ்சு போறேன்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டூட்டி சார்ட்டில் ஆடி இருபதுக்கு நேராக அவள் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்தேன்.